சைக்கிளை ஒளித்துவைத்தவர்

ராபோலாஸ் வாயை விட்டு மாட்டிக்கொண்டது வெள்ளரிக்காய் ஊறுகாய் போடுகிற நாளில், சொந்த அடுக்களையில், பக்கத்து வீட்டு சிமோனாஸின் கண்ணெதிரே. சிமோனாஸ் முன்னால் ஒன்றைச் சொல்வதும் ஊர்க் கடை வாசலில் நோட்டீஸ் ஒட்டுவதும் ஒன்றுதான். தெரிந்தும் சொல்லித் தொலைத்தார்.

போனில் இருந்தது மகள் யோவிதா. எஸ்தோனியாக்காரன் தார்மோவைக் கட்டிக்கொண்டு தாலினுக்குப் போய் எட்டு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் தன் பிறந்தநாளுக்கு அப்பாவைக் கூப்பிடுவாள். ஒவ்வொரு செப்டம்பரிலும் அம்மா தனுதே மட்டும் கேக்கைக் கையில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறுவாள். ராபோலாஸ் போக மாட்டார். ஏன் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். லிதுவேனியாவின் தெற்கே, வரேனா காட்டுக்காரர்களான எங்களுக்கு செப்டம்பர் என்றால் காளான். அந்த மாதத்தில் சாவு விழுந்தால்கூட, அடக்கம் காலையிலா மத்தியானமா என்று கேட்டுக்கொண்டுதான் கறுப்புச் சட்டையை எடுப்போம். காலையில் காடு இருக்கிறதே!

அதிலும் ராபோலாஸ் தனிப் பிறவி. பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு விறகு தள்ளும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் வருஷத்து லீவு முழுவதையும் செப்டம்பரில் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் மறைந்துவிடுவார். அவருக்கென்று ஓர் இடம் உண்டு. பழுப்புத் தொப்பியும் தடித்த வெள்ளைத் தண்டுமாகப் பரவீகஸ் காளான் அங்கே கொத்துக் கொத்தாக முளைக்கும். அது எங்கே இருக்கிறது என்று ஊரில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. கட்டின பெண்டாட்டிக்கே தெரியாது. சிமோனாஸ் வருஷக்கணக்காக மோப்பம் பிடித்துப் பார்த்து அலுத்துப்போனார். "நான் போறப்ப அந்த இடமும் என்கூடவே வரும்" என்பார் ராபோலாஸ், ஏதோ காட்டையே சவப்பெட்டிக்குள் சுருட்டி வைக்கப்போகிறவர் மாதிரி.

"இந்த வருஷம் எனக்கு நாப்பது முடியுதுப்பா," என்றாள் யோவிதா. "எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். நீ வர்றியா, இல்லையா?"

"செப்டம்பர்ல எப்படிம்மா..."

"தெரியும். காளான்." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார், விஷயம் அதோடு முடிந்திருக்கும். "சின்னப் பிள்ளையில என்னக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போவியே, ஞாபகம் இருக்கா? ஓடைக்கரையில ஒரு வெட்டுமரத்து மேல உக்கார வச்சு, கையில ரொட்டியக் குடுத்து, 'எறும்ப எண்ணிட்டு இரு, இதோ வந்துடறேன்'னு சொல்லிட்டு நீ மட்டும் உன் எடத்துக்குப் போவே. எனக்குக் காட்ட மாட்டே. நான் வெளியில உளறிடுவேனாம். நான் இன்னும் அங்கயேதான்பா உக்காந்திருக்கேன்."

போன் மேசைமேல் ஸ்பீக்கரில் கிடந்தது. சதகுப்பைத் தழையைக் கிள்ளிக்கொண்டிருந்த தனுதேயின் கை நின்றது. ஜாடி மூடி இரவல் கேட்க வந்து, மூடி கிடைத்த பிறகும் எழுந்து போகாத சிமோனாஸ் கூரையைப் பார்த்தார்.

"இந்தத் தடவையும் நீ வரலைன்னா இனிமே கூப்பிட மாட்டேன். நானும் அங்க வர மாட்டேன். கோவத்துல சொல்லலப்பா. அலுத்துப்போச்சு."

ராபோலாஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ் ஏறினால் அரை மணியில் குமட்டுகிறவர் அவர். அது அவர் கைவசம் வைத்திருந்த இரண்டாவது சாக்கு. மகள் அதையும் எடுத்துப் போடுவதற்குள் முந்திக்கொண்டார்.

"யாரு வரமாட்டேன்னது? வரேன்டி! பஸ்ஸாவது ஒண்ணாவது. சைக்கிள்லயே வரேன், பாத்துக்கோ!"

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. லிதுவேனியா, லாட்வியா, எஸ்தோனியா. தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடி கடல் வரை.

"மூணு நாடு!" சிமோனாஸ் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அதுவும் காளான் சீசன்ல! டேய் ராபோலாஸ், வழியெல்லாம் காடுடா. முதல் காட்டுலயே எறங்கிடுவே. உன் பொண்ணு கேக்க வெட்டறப்ப நீ எங்கயாவது புதருக்குள்ள குனிஞ்சுகிட்டு இருப்பே."

"ரொட்டிக் கடைக்கே காட்டைச் சுத்தி ரெண்டு மணி நேரம் கழிச்சு வர்ற ஆளுய்யா நீ," என்றாள் தனுதே. ஆனால் அன்று சாயங்காலமே கொட்டகையில் கிடந்த சைக்கிளைத் துடைத்து வைத்தவளும் அவள்தான்.

கிளம்புவதற்கு முன் ராபோலாஸ் ஒரு ஏற்பாடு செய்தார். பால் வரும் அட்டைப்பெட்டியை வெட்டி, தொப்பியின் இரண்டு பக்கமும் வைத்துத் தைத்துக்கொண்டார். வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டுவது போல. நேராகப் பார்த்தால் ரோடு தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. ஊர் எல்லை வரை வந்து வழியனுப்பிய சிமோனாஸ் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கட்டும். தன் பலவீனம் தெரிந்து தடுப்புப் போட்டுக்கொள்கிற மனிதன் எத்தனை பேர்?

லிதுவேனியா முழுக்க அந்த அட்டை வேலை செய்தது. உக்மெர்கே தாண்டியதும் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. அந்தப் பக்கம் எல்லாம் அறுவடை முடிந்த வயல், காற்று மட்டும்தான் எதிரி. பழைய பட்டாளத்துக் கூடாரத்தில் தூங்கினார். கம்பு ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் தின்றார். பனெவேஜிஸ் கடைவீதியில் ஒரு அம்மாள் அவரை நிறுத்தி, "கண்ணுல ஆபரேஷனாங்க? பாத்துப் போங்க" என்று பரிதாபப்பட்டு ஒரு ஆப்பிள் கொடுத்தாள். "ஆமாங்க, ரெண்டு கண்ணுலயும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். பின்பக்கம் ரணமாகி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தது வேறு விஷயம். அதை யாரிடம் சொல்ல?

சிமோனாஸ் விடுவாரா? தினமும் போன் அடித்தார்.

"ராத்திரி மழைடா. காலையில இளவெயில். காடு பொங்கி வழியுது. இப்படி ஒரு வருஷத்த என் ஆயுசுல பாத்ததில்ல. உன் எடத்துல எல்லாம் அழுகிடுமே, பாவம். எங்கேன்னு மட்டும் சொல்லு, உனக்காகப் பறிச்சு வெயில்ல காயப்போட்டு வைக்கறேன். ஒரு நட்புக்குத்தான்."

"உன் நட்பை ஊறுகாய் ஜாடியில போட்டு மூடு," என்று சொல்லிவிட்டு ராபோலாஸ் மிதித்தார். வயிறு எரிந்தது. ஆனால் மிதித்தார். இது பெற்ற பாசம் இல்லாமல் வேறென்ன?

லாட்விய எல்லையைக் கடந்தார், ரிகாவின் பெரிய பாலத்தைக் கடந்தார், கடலோரமாக வடக்கே திரும்பினார். அங்கேதான் வந்தது வினை. வியாழக்கிழமை காலையில் பிடித்த மழை பத்து மணி வரை விடவில்லை. பால் அட்டை ஊறித் தொங்கி, கடைசியில் கூழாகித் தோளில் விழுந்தது. மழை நின்றது. வெயில் வந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் பைன் காடு, வெள்ளைப் பாசி, மணல் கலந்த தரை. ராபோலாஸ் கண்ணை முன் சக்கரத்தில் நட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். ஒரு மைல் ஓட்டினார். பிறகு கழுத்து தானாகத் திரும்பியது.

ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி, ஒரு பைன் மரத்தடியில், சிமோனாஸின் வழுக்கைத் தலை அளவுக்கு ஒரு பழுப்புத் தொப்பி. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"ஒண்ணே ஒண்ணு," என்று அவர் சத்தமாகவே சொன்னார். சனிக்கிழமை நாலு மணிக்குள் தாலின் போய்ச் சேர வேண்டும், நேரம் இருக்கிறது. வெறுங்கையோடு மகள் வீட்டுக்குப் போகவும் கூடாது அல்லவா? மனிதன் ஒரு தப்புக்குத் தயாராகிவிட்டால் காரணங்கள் வரிசையில் வந்து நிற்கும்.

காரியம் இங்கேதான் கெட்டது. வேறு யாராக இருந்தாலும் சைக்கிளை ரோட்டோரம் சாத்திவிட்டு இறங்கியிருப்பார்கள். எங்கள் ஊர்க்காரன் செத்தாலும் அதைச் செய்ய மாட்டான். ரோட்டோரம் ஒரு சைக்கிள் நின்றால், இங்கே காளான் இருக்கிறது என்று பலகை எழுதி வைத்த மாதிரி. ராபோலாஸ் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார். அடர்ந்த ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் படுக்க வைத்தார். மேலே பெரணி இலைகளை வெட்டிப் போட்டார். பையும் போனும் சைக்கிளிலேயே இருந்தன. ஒரு கிளையை ஒடித்து, டயர் தடத்தைத் துடைத்துக்கொண்டே பின்னால் நடந்தார். பிறகு, யாராவது பின்தொடர்ந்தால் ஏமாறட்டும் என்று, முதலில் எதிர்த்திசையில் கொஞ்ச தூரம் போய், ஒரு வளைவு எடுத்து, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறி, அப்புறம்தான் காளானுக்குத் திரும்பினார். அந்தக் காட்டில் அவரைப் பின்தொடர அணில்தான் இருந்தது. பழக்கம் யாரை விட்டது?

மழைக்கோட்டைக் கழற்றி மூட்டையாக்கி நிரப்பினார். ஒண்ணே ஒண்ணு என்று சொன்னவர், மூட்டை முதுகை அழுத்தியபோதுதான் நிமிர்ந்தார். மனசு குளிர்ந்திருந்தது. சைக்கிளை எடுக்கத் திரும்பினார்.

சைக்கிள் இல்லை.

அதாவது, இருந்தது. அவ்வளவு நன்றாக ஒளித்துவைத்திருந்தார். சொந்தக் காட்டில் ஒவ்வொரு மரமும் அவருக்குச் சொந்தக்காரன். இங்கே எல்லா ஸ்ப்ரூஸும் ஒரே முகம். தடத்தைத் தேடினார், தடத்தைத்தான் துடைத்துவிட்டாரே. நடந்த வழியை நினைத்துப் பார்த்தார். அதைத்தான் சுற்றிச் சுற்றிக் குழப்பியிருந்தாரே. மத்தியானம் முழுக்கக் கிளை கிளையாகத் தூக்கிப் பார்த்தார். ஒருமுறை தன் காலடித் தடத்தையே கண்டு, "யாரோ ஒருத்தன் சுத்தறான்டா" என்று பதுங்கினார்! வெயில் சாய்ந்தது. யோவிதா போன் பண்ணியிருப்பாள். பெரணி இலைக்கு அடியில் போன் அடித்துக்கொண்டிருக்கும். அப்பா எடுக்கவில்லை, ஏன் எடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாதா? அவள் முதலில் நினைக்கப்போவதே காளானைத்தான். அதுவும் சரியாகத்தான் நினைப்பாள், அதுதான் கொடுமை.

காட்டின் ஓரத்தில் ஒரு வீடு இருந்தது. மீன் புகைபோடும் கொட்டகையின் முன்னால் ஒரு பெண்மணி நின்றிருந்தாள். அவர் வயசுதான் இருக்கும், பேர் மிர்ஜா. காலடியில் ஒரு குட்டை நாய். அவளுக்கு லிதுவேனிய மொழி தெரியாது, அவருக்கு லாட்விய மொழி தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது, சோவியத் ஆட்சிக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டைக்குள் திணித்த ரஷ்ய மொழிதான். இனி இதைப் பேசுவதில்லை என்று இருவருமே என்றோ சபதம் எடுத்தவர்கள். வேறு வழியில்லாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு பேசினார்கள்.

"அம்மா, காட்டுக்குள்ள என் சைக்கிள் தொலைஞ்சுபோச்சு."

"திருடிட்டாங்களா?"

"இல்ல. நான்தான் ஒளிச்சு வச்சேன்."

மிர்ஜா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முதுகிலிருந்த மூட்டையைப் பார்த்தாள். "ஓகோ," என்றாள். "எந்தப் பக்கம்?"

ராபோலாஸ் வாயைத் திறந்தார். மூடினார். நம்புவீர்களா? மகள் போய்விடுவாள், எல்லாம் போய்விடும், அந்த நிலையிலும் அந்த மனிதருக்கு எந்தப் பக்கம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அது அவர் காடுகூட இல்லை! "அந்தப் பக்கம்" என்று கையைப் பொத்தாம்பொதுவாக வீசினார். அந்த வீச்சில் பாதி லாட்வியாவும் கொஞ்சம் கடலும் அடங்கியிருந்தன.

"மூட்டைய எறக்குங்க," என்றாள். ஒரு காளானை எடுத்தாள். தண்டில் ஒட்டியிருந்த மணலை விரலால் தேய்த்தாள், பாசியை முகர்ந்தாள். அவள் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வந்து, பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள். ராபோலாஸுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். தன் இடத்தில் அந்நியன் கை வைத்ததைப் பார்த்த முகம். அவரே பல தடவை போட்டுக்கொண்ட முகம்.

அவள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 'அது என் எடம்யா, திருட்டுப் பயலே' என்று திட்ட வேண்டும் போலிருக்கிறது. திட்டினால் அது அவள் இடம் என்பது தெரிந்துவிடும். 'வாங்க, காட்டறேன்' என்று கூட்டிக்கொண்டு போனால் இன்னும் மோசம், வழியே தெரிந்துவிடும்.

"உள்ள வந்து உக்காருங்க," என்றாள் கடைசியில். மீன் சூப்பைத் தட்டில் ஊற்றினாள். நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். "நான் வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பக் கூடாது. திரும்பினா நாய் கடிக்கும்."

"நாயக் கூட்டிட்டுப் போகலயா?"

"எதுக்கு? உங்களப் பாத்துக்க ஆள் வேணாமா?"

ராபோலாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு சூப் குடித்தார். நாய் அவர் குதிகாலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் போவதற்குள் முற்றத்தில் மணிச் சத்தம் கேட்டது. அவருடைய சைக்கிள் மணி. மிர்ஜா கிளம்பிப் போனது காட்டுப் பக்கம். சைக்கிளோடு திரும்பி வந்தது கடல் பக்கத்திலிருந்து. முழங்கால் வரை சேறு, தலையில் பெரணி இலை. ஊரையே சுற்றி வந்திருக்கிறாள். ராபோலாஸ் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். அவர் வாழ்க்கையில் மாதா கோயிலுக்கு வெளியே தொப்பியைக் கழற்றியது அபூர்வம்.

"யாருக்கு இவ்வளவு காளான்?" என்று கேட்டாள், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

"பொண்ணுக்கு. சனிக்கிழமை பிறந்தநாள். தாலின்ல."

"உங்க ஊர்லயும் உங்களுக்குன்னு எடம் இருக்குமே. பொண்ணுக்குத் தெரியுமா?"

"சேச்சே. சின்னப் பிள்ளைங்க வாயி நிக்காது. எங்கயாவது சொல்லிடும்."

"என்ன வயசு?"

"நாப்பது."

மிர்ஜா சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து குரைத்தது. "நாப்பது வயசுப் பச்சப்பிள்ளை!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் பெருமையோடே சொன்னாள்: "எம்மவனுக்கும் நான் காட்டினதில்ல. அயர்லாந்துல இருக்கான். கடையில பிளாஸ்டிக் டப்பாவுல காளான் வாங்கித் திங்கறானாம், தூ! நான் போறப்ப என் எடமும் என்கூடவே வரும்."

ராபோலாஸ் அதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாகத் தான் மார்தட்டிச் சொன்ன வசனம். தன் வாயிலிருந்து வரும்போது கம்பீரமாக இருந்தது. இன்னொருத்தர் வாயில் கேட்டால் எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது! மிர்ஜா காலியான சூப் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பையிலிருந்து போனை எடுத்தால், திரை முழுக்க யோவிதாவின் பேர். கூப்பிட்டார்.

"காளானா?" என்றாள். வணக்கம் இல்லை, எப்படி இருக்கே இல்லை.

"இல்லம்மா, சைக்கிள் கொஞ்சம்... ரிப்பேர்."

"சரிப்பா. சனிக்கிழமை நாலு மணி. வந்தா சந்தோஷம். வரலைன்னாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

'ஒண்ணும் கேக்க மாட்டேன்' என்பதுதான் அவரைக் கிலி பிடிக்க வைத்தது. அன்று மிர்ஜாவின் வைக்கோல் கொட்டகையில் படுத்து, விடியும்போதே கிளம்பினார். காளான் மூட்டையை அவள் வாசலிலேயே விட்டுவிட்டார். "ஈரக் காளான் கனமாச்சே, எதுக்குச் சுமக்கணும்" என்று அவள் சொன்னாள். அவள் பொருள் அவளிடம் சேர்ந்தது என்று இவருக்குத் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க எதிர்காற்று. எல்லையைக் கடந்து பார்னுவுக்குப் போய்ச் சேரும்போது தொடை இரண்டும் கட்டை. சனிக்கிழமை இருட்டு விலகும்போதே ஏறினார். எஸ்தோனியக் காட்டிலும் காளான் இருந்தது, மஞ்சளும் பழுப்புமாக, கண்ணுக்கு நேரே. அட்டை இல்லாமலே கழுத்து திரும்பவில்லை. ஆனால் மத்தியானம் மார்யமா பஸ் நிறுத்தத்தில் இறங்கிக் கணக்குப் போட்டபோது விஷயம் தெளிவாகிவிட்டது. எப்படி மிதித்தாலும் கேக் வெட்டி, காபி குடித்து, விருந்தாளிகள் செருப்பு மாட்டும்போதுதான் போய்ச் சேருவார். சைக்கிளிலேயே வருவேன் என்று மார்தட்டிய சபதம் ஒரு பக்கம். மகள் ஒரு பக்கம்.

அதிக நேரம் யோசிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், அந்த அளவுக்கு நல்லவர்தான். மருமகனுக்குப் போன் போட்டார்.

தார்மோ எஸ்தோனியாக்காரனிலும் சுத்தமான எஸ்தோனியாக்காரன். மணி என்ன என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வான். காரில் வந்தான், சைக்கிளைக் கூரையில் கட்டினான், மாமனாருக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தான். பாதி வழி தாண்டியதும்தான் மனைவியிடம் கற்ற லிதுவேனிய மொழியில் முதல் வாக்கியம் வந்தது.

"நல்ல காத்து, மாமா."

"தார்மோ, ஒரு உதவி. வீட்டுக்கு ரெண்டு தெரு முன்னாடியே என்னை எறக்கி விட்டுடு. அங்கேருந்து நான் சைக்கிள்ல வரேன். யோவிதாகிட்ட சொல்லாதே."

தார்மோ நாலு தெரு தூரம் யோசித்தான். "சரி," என்றான்.

தாலினின் நொம்மே பகுதியில் அவர்கள் வீடு, பைன் மரங்களுக்கு நடுவே மர வீடு. நாலு மணிக்கு ராபோலாஸ் மணியை அடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஊர்வலம் மாதிரி கேட்டுக்குள் நுழைந்தார். விருந்தாளிகள் எல்லோரும் வாசலுக்கு வந்து கை தட்டினார்கள். பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்த தனுதே, "ஏய்யா, உசிரோட வந்துட்டியா!" என்று அதிசயப்பட்டாள். யோவிதா மட்டும் கை தட்டவில்லை. மேல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கி வந்து கட்டிக்கொண்டாள், லேசாக.

கேக் வெட்டினார்கள், பாடினார்கள். எல்லோரும் பரிசு கொடுத்தார்கள். ராபோலாஸின் கை வெறுங்கை. சாப்பாடு முடிந்து மற்றவர்கள் தோட்டத்துக்குப் போனபோது மகளை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். ஜன்னலை எட்டிப் பார்த்தார். அங்கே யாரைத் தேடினார் என்று தெரியவில்லை. சிமோனாஸ் மூன்று நாட்டுக்கு அந்தப்பக்கம் இருந்தார்.

"யோவிதா, சைக்கிள் ரிப்பேர்னு சொன்னேன்ல. பொய். காளான்தான்."

"தெரியும்ப்பா. கார்ல வந்ததும் தெரியும். மாடி ஜன்னல்லேருந்து அந்தத் தெருமுனை தெரியும்."

அவர் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் விடவில்லை. "சரி, அதை விடு. இங்க பாரு, உனக்கு ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது." அவள் காதருகே குனிந்தார். "அந்த வெட்டுமரத்திலேருந்து ஓடையத் தாண்டணும். அப்புறம் இடி விழுந்து கருகின பைன் மரம் ஒண்ணு வரும். அதுக்கு எடது பக்கமா..."

"எடது பக்கமா போனா சதுப்பு," என்றாள் யோவிதா, மெதுவாக. "சதுப்புல ரெண்டு பலகை போட்டிருக்கே. ரெண்டாவது பலகை ஆடும். அதைத் தாண்டினா மூணு பிர்ச் மரம் ஒட்டி நிக்கும். அங்கேருந்து மேடு."

அவர் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? பாசமா, கண்ணீரா?

"யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்ல. தார்மோகிட்டகூட இல்ல." அவள் சிரித்தாள், கண் நிறைந்திருந்தது. "பதினோரு வயசுல ஒரு நாள் எறும்பு எண்ணி எண்ணி அலுத்துப்போய் உன் பின்னாலயே வந்தேன். நீ சுத்திச் சுத்திப் போனே, நானும் சுத்திச் சுத்தி வந்தேன். முதல் காளானப் பாத்ததும் தொப்பியக் கழட்டிக் கும்பிட்டே. பாட்டு வேற பாடினே. சிரிப்ப அடக்கிக்கிட்டு ஓடிவந்து மறுபடியும் வெட்டுமரத்து மேல உக்காந்துக்கிட்டேன்."

"அப்புறம் ஏம்மா... இத்தன வருஷமா எம்மேல கோவம்? உனக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியும்னு நான் சொல்லிட்டா, நீ சொல்றதுக்கு என்னப்பா இருக்கும்? நீயா சொல்லணும்னு இருந்தேன்."

அவர் அழுதார். சதகுப்பை வாசனை அடிக்கும் அடுக்களைத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, வெட்கமில்லாமல், நன்றாகவே அழுதார். வெளியே தனுதே கதவைத் தட்டி, "உள்ள என்னய்யா நடக்குது?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லடி, வெங்காயம்" என்றார். அவள் நம்பவில்லை.

மறுநாள் காலை மகள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே சிமோனாஸுக்குப் போன் போட்டார். இன்னும் பத்து நாள் இங்கேதான் இருக்கப்போகிறேன், காளான் அழுகிப்போகும், நீ போய்ப் பறித்துக்கொள் என்று ஓடை, கருகின பைன், பலகை, பிர்ச் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னார்.

"டேய்," என்றார் சிமோனாஸ், "என்னை எவ்வளவு பெரிய மடையன்னு நெனச்சிருக்கே? நீ சொல்ற எடத்துக்கு நேர் எதிர்த்திசையில போறேன் பாரு." அப்படியே போனார். கூடை நிறைய ஊசியிலையோடு திரும்பி வந்தார் என்று பிற்பாடு தனுதே சொல்லித் தெரிந்தது.

அக்டோபர் முதல் வாரத்தில் யோவிதா ஊருக்கு வந்தாள். அப்பாவும் மகளும் விடிகாலையில் சைக்கிளில் காட்டுக்குக் கிளம்பினார்கள். ராபோலாஸ் வழக்கம் போல ஒரு புதரைத் தேடினார், கிளையை ஒடிக்கவும் போனார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ரெண்டு சைக்கிளையும் ரோட்டோரம், எல்லோரும் பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள். அரை மணி கழித்து அந்த வழியே வந்த சிமோனாஸ் அந்தச் சைக்கிள்களை நின்று பார்த்தார். "எமகாதகன், புதுசா ஒரு தந்திரம் பண்றான்" என்று முணுமுணுத்துக்கொண்டு வேறு பக்கம் போனார்.